மாரடைப்புக்குப் பின் லயத்து வீட்டில் முதல் ஆறு வாரம்

மாரடைப்பு வந்தவரைத் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு அனுப்பும் நாளில், வார்டு வாசலில் மிஸ்ஸியான, அதாவது தாதியான, நான் பார்ப்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான். நோயாளி கம்பளித் தொப்பியும் போர்வையுமாகக் கதிரையில் உட்கார்ந்திருப்பார். மருமகள் ஒரு கையில் மருந்து உறைகள் நிறைந்த பையும் மறு கையில் போனுமாக ஓட்டோக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். புறப்படும் நேரத்தில் திரும்பி, "எல்லாம் சரியாகிருச்சுதானே மிஸ்ஸி?" என்று கேட்பார்.

சரியாகிவிடவில்லை, சரியாகத் தொடங்கியிருக்கிறது. இரத்தம் போகாமல் செத்துப்போன இதயத் தசை உறுதியான தழும்பாக மாற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதில் ஆஸ்பத்திரியில் கழிவது சில நாள் மட்டுமே. மீதி நாட்களுக்கு வீட்டில் இருக்கும் ஒருவர்தான் தாதி. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அந்த வேலை யார் தலையில் விழுகிறதோ அவருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் டொக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள். அந்த இதயத்தைப் பார்த்தவர் அவர்.

வார்டை விட்டு இறங்கும் முன்

கையில் தரும் டயக்னோசிஸ் கார்ட் (நோய், மருந்து விவர அட்டை) ஆங்கிலத்தில் இருக்கும். மருந்து உறையில் சிங்களம் இருக்கும். இரண்டும் வாசிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள், ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மிஸ்ஸியைப் பிடியுங்கள். பத்து நிமிடம் போதும். உறையில் 'உதே' என்றிருந்தால் காலை, 'தவல்' பகல், 'ராத்ரி' இரவு. கார்டில் 'மேனே' என்பது காலை, 'நொக்டே' இரவு, 'பி.டி.' ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை. ஒவ்வொரு உறையிலும் பேனையால் ஒரு சூரியனோ நிலாவோ வரைந்துகொள்ளுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டி கொடுத்தாலும் பிழை வராது.

அதோடு மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்களா, போட்டிருந்தால் அதன் பெயர் என்ன, திகதி என்ன? ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் இது மிகவும் முக்கியம், ஏனென்றால் ஒரு முறை போட்டவருக்கு அதையே மறுபடி போடுவதைத் தவிர்ப்பார்கள். இரண்டாவது, ஸ்டென்ட், அதாவது இதயக் குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை, வைத்திருக்கிறதா? மூன்றாவது, திடீரென்று வலி வந்தால் வீட்டில் அஸ்பிரின் மென்று விழுங்கக் கொடுக்கலாமா, எத்தனை? கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி. தாளைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு இரவில் வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், அங்கிருக்கும் டொக்டர் புதிய ஈ.சி.ஜி.யை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

கண்டிக்குப் போய் அஞ்சியோகிராம் (மெல்லிய குழாய் விட்டு இதய இரத்தக் குழாய்களைப் படமெடுப்பது) செய்துகொண்டு வந்தவர் என்றால், குழாய் விட்ட இடத்தை, அது மணிக்கட்டோ தொடை இடுக்கோ, ஒரு வாரம் கவனியுங்கள். இலேசாக நீலம் பாரித்திருந்தால் பயமில்லை. வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, இரத்தம் கசிந்தாலோ, கை கால் குளிர்ந்து மரத்தாலோ, அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாத்திரை: இங்கேதான் தவறுகிறோம்

வார்டுக்கு இரண்டாம் முறை வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "கடைசியா எப்ப மருந்து குடிச்சீங்க?" என்பதுதான். தலையைக் குனிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர். காரணம் பெரும்பாலும் அலட்சியம் இல்லை. கிளினிக் நாளில் பஸ் வரவில்லை, போயா (பௌர்ணமி) விடுமுறை வந்துவிட்டது, கிளினிக் நாளுக்குப் போனால் அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடும், அல்லது "நல்லாத்தானே இருக்கேன்" என்ற நினைப்பு. என் சொந்த மாமாவே அப்படித்தான். மூன்று மாதம் ஒழுங்காகக் குடித்தார். பிறகு பசளை போடும் மலைக்கு ஏறவே முடிகிறதென்று மாத்திரையை ஓரம் கட்டினார். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகளையும் அவை செய்யும் வேலையையும் தெரிந்து வைத்திருங்கள். வேலை தெரிந்தால் நிறுத்த மனம் வராது. அஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் இரத்தத் தட்டுகள் ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கும். ஸ்டென்ட் வைத்தவர் இதில் ஒன்றைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினால் அந்தக் கம்பி வலைக்குள்ளேயே இரத்தம் உறையலாம். பல் பிடுங்கப் போனாலும் டொக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அடோவாஸ்டாடின் பெரும்பாலும் இரவில் குடிக்கச் சொல்லும் மாத்திரை. கொழுப்பைக் குறைப்பதோடு குழாயின் உட்சுவரையும் அமைதியாக வைத்திருக்கும். உடம்பு முழுக்கத் தசை வலித்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், கார்வெடிலோல் என்று 'லோல்' என முடியும் பெயர்கள் இதயத்தின் ஓட்டத்தைத் தணிப்பவை. இவற்றைத் திடீரென்று விட்டால் இதயம் கட்டவிழ்த்த மாடு போல ஓடும். எனாலாப்ரில் வகை, இதயம் வீங்கித் தளராமல் காக்கும். அதைக் குடிக்கும் சிலருக்கு வரட்டு இருமல் வரும். நம் ஊரில் அதைப் பனி பிடித்துவிட்டதென்று நினைத்து மாதக்கணக்கில் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறார்கள். கிளினிக்கில் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள்.

மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மழைக்காலத்தில் காகித உறைக்குள்ளிருக்கும் மாத்திரை ஈரம் பிடித்துப் பொடியாகும். அதற்காக அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் சூட்டில் கெடும். இறுக மூடும் பிஸ்கட் டின் ஒன்று, அதை உள் காம்பிராவில் (அறையில்) பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் ஜி.டி.என். மாத்திரை மட்டும் தனி: அது கறுப்புக் கண்ணாடிப் போத்தலிலேயே இருக்க வேண்டும். காகிதத்திலோ பிளாஸ்டிக்கிலோ மாற்றினால் மாத்திரை இருக்கும், மருந்து இருக்காது. போத்தலைத் திறந்த திகதியை மேலே எழுதி, இரண்டு மாதத்தில் புதிது வாங்குங்கள். அது டின்னுக்குள் அல்ல, நோயாளியின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

மாதத்து மருந்து முடிய ஒரு வாரம் இருக்கும்போதே எண்ணிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியே வாங்குங்கள் என்று சொன்னால் துண்டை எடுத்துக்கொண்டு அரச மருந்துக் கடையான ஒசுசலைக்குப் போங்கள். காசு எல்லாவற்றுக்கும் போதாவிட்டால், எதை வாங்குவது என்று நீங்களே முடிவெடுக்காமல் டொக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மலிவான மாற்று பெரும்பாலும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. முதுகு வலி, முழங்கால் வலி என்று தோட்டத்து டிஸ்பென்சரியிலோ கடையிலோ டைக்ளோபெனாக், இபுபுரூபன் வாங்கிக் கொடுக்காதீர்கள். இதயத்துக்கும் கெடுதல், அஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றிலும் இரத்தம் கசியும். பரசிட்டமோல் போதும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அன்றே காட்டுங்கள்.

நெஞ்சு மறுபடி வலித்தால்

இதை நன்றாக இருக்கும் ஒரு நாளில் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து, ஒரு முறை ஒத்திகையும் பாருங்கள்.

செய்கிற வேலையை நிறுத்தி உட்கார வையுங்கள். ஜி.டி.என். ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள், விழுங்கக் கூடாது. தலை இடிக்கும், சுற்றும். அதனால்தான் உட்கார்ந்து வைக்கச் சொல்கிறோம். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை ஏதாவது எடுத்திருந்தால் ஜி.டி.என். வைக்கவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சங்கடமாக இருந்தாலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வலி போகாவிட்டால் இரண்டாவது மாத்திரை, கூடவே 1990க்கு அழைப்பு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர் இன்னொரு ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம். தோட்டத்தின் மேல் டிவிஷனில் (பிரிவில்) இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. மூன்றாவது மாத்திரைக்கு மேல் கொடுக்க வேண்டாம். அஸ்பிரின் கொடுக்கலாம் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தால், 300 மில்லிகிராம், அதாவது 75 மில்லிகிராம் என்றால் நான்கு, மென்று விழுங்கச் சொல்லுங்கள்.

1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். ஆனால் அது லயத்து வாசலுக்கு வரும் என்று காத்திருக்காதீர்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்து நகரம், பிரதான வீதியில் அடையாளம் சொல்லக்கூடிய கோவில் அல்லது ஸ்டோர் — இதை ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்தத் தோட்டத்தின் பெயரே வாயில் வராது. கீழே ரோட்டு வரை கொண்டுபோக எந்த ஓட்டோ, இரவு பன்னிரண்டுக்கு யார் எழும்பி வருவார் என்று இப்போதே பேசி வைத்து, நம்பரை அதே அட்டையில் எழுதுங்கள்.

நோயாளியை நடக்க விடாதீர்கள். "பணிய ரோட்டு வரைக்கும்தானே, மெதுவா நடந்துருவேன்" என்பார். படிக்கட்டில் பத்துப் படி இறங்குவதும் தவிக்கும் இதயத்துக்குச் சுமை. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நாலு பேர் தூக்குங்கள். நம் தோட்டங்களில் கம்பளியில் தூளி கட்டித் தூக்குவதும் உண்டு. ஆனால் மூச்சு முட்டுகிறவரைப் படுக்க வைத்துத் தூக்கினால் இன்னும் முட்டும். அவருக்குக் கதிரைதான் சரி. மயங்கிச் சரிகிறவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்.

வலி எப்போதும் இடது நெஞ்சில்தான் வரும் என்று நினைக்காதீர்கள். தாடை, தோள், முதுகு, மேல் வயிறு என்று எங்கும் வரலாம். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவருக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வேர்வை, வாந்தி, மூச்சுத் திணறல், காரணமில்லாத களைப்பு மட்டும் வரக்கூடும். "வாயு" என்ற சொல்தான் நம் மக்களை அதிகம் ஏமாற்றியிருக்கிறது. இஞ்சிச் சாறு, சோடா, ஓமத்தண்ணீர் என்று இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தவர்களை எண்ணி முடியாது. ஒரு முறை மாரடைப்பு வந்தவருக்கு வாயு என்று சொல்லும் உரிமை ஈ.சி.ஜி.க்கு மட்டும்தான்.

நினைவில்லாமல், மூச்சும் இல்லாமல் கிடந்தால் ஒருவர் 1990ஐ அழைக்கட்டும், மற்றவர் நெஞ்சின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து ஆறு சென்ரிமீற்றர் இறங்கும்படி அழுத்தட்டும். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கை சோர்ந்தால் ஆள் மாற்றுங்கள்.

நடை

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு உயரம் பெரிய பிரச்சினை இல்லை, சரிவும் குளிரும்தான் பிரச்சினை.

முதல் வாரம் காம்பிராவுக்குள்ளும் இஸ்தோப்பிலும் (முன் திண்ணையிலும்) ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. இரண்டாம் வாரம் பத்து நிமிடம். பிறகு வாரம் சில நிமிடம் கூட்டி, ஆறாவது வாரத்தில் அரை மணித்தியாலம் வந்தால் நல்லது. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது. வலி, தலைச்சுற்று, படபடப்பு எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

மலையில் ஒரு தந்திரம் உண்டு. நடக்கப் போகிறவர் சுலபம் என்று கீழே இறங்கிவிடுவார். களைத்த பிறகுதான் ஏற வேண்டியிருக்கும். ஆகவே கரத்தை (வண்டி) ரோடு மாதிரி மட்டமாகப் போகும் பாதையில் விடுங்கள். அப்படி இல்லாவிட்டால் முதலில் ஏற்றம், திரும்பும்போது இறக்கம். பனி விலகி வெயில் விழுந்த பிறகு, காலை ஒன்பதுக்கு மேல். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து. முதல் இரண்டு வாரம் யாராவது கூடப் போங்கள்.

தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, பேரப்பிள்ளை — மூன்றையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம். கணவன் மனைவி உறவு பற்றிக் கேட்கத் தயங்குவார்கள்: இரண்டு மாடிப் படி ஏறி மூச்சு வாங்காமல் நெஞ்சு வலிக்காமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, அது நாலு முதல் ஆறு வாரத்தில் வரும்.

குளியலும் கக்கூசும்

பீலித் தண்ணீர், அதாவது மலையிலிருந்து குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீர், கூடாது. ஐஸ் போன்ற தண்ணீர் தலையில் விழுந்தால் இரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி அழுத்தம் ஏறும். வெதுவெதுப்பான தண்ணீர், பகல் பொழுது, கதிரையில் உட்கார்ந்து.

கக்கூசில் முக்குவது இதயத்துக்குப் பெரிய சுமை. மலச்சிக்கல் வராமல் கீரை, பப்பாசி, அளவான தண்ணீர் கொடுங்கள். அப்படியும் இறுகினால் இளக்க மருந்து கேட்டு வாங்குங்கள். இரவில் வெளிக் கக்கூசுக்குப் போக எழும்பும்போதுதான் விழுவார்கள், இந்த மாத்திரைகள் அழுத்தத்தைக் குறைப்பதால். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள். முதல் வாரங்களில் காம்பிராவுக்குள்ளேயே ஒரு வாளி வைப்பது இன்னும் நல்லது.

தினமும் கணுக்காலுக்கு மேல் எலும்போரம் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் உடம்பில் நீர் சேர்கிறது. தராசு கிடைத்தால் காலையில் சாப்பிடும் முன் நிறை பாருங்கள்: மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலோ, மட்டமாகப் படுக்க முடியாமல் தலையணை மேல் தலையணை கேட்டாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். ஒரு வீட்டில் மகன் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அப்பாவை நிறுத்தி நிறை பார்த்துக்கொண்டு வந்து சொன்னான். சிரித்தேன், ஆனால் அந்தத் தகவல்தான் அவரை அன்று காப்பாற்றியது.

சாப்பாடு

ரொட்டி மாவில் உப்பு, கட்டச்சம்பலில் உப்பு, கருவாட்டில் உப்பு, சோயா மீட் பக்கற்றோடு வரும் தூளிலும் உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தட்டைத் தேக்கரண்டிதான் எல்லை, சுமார் 5 கிராம். வீட்டில் ஐந்து பேர் என்றால் காலையிலேயே ஐந்து தட்டைத் தேக்கரண்டிக்குள் அளந்து ஒரு டப்பாவில் போட்டு, அதிலிருந்து மட்டும் சமையுங்கள். கருவாடும் நெத்தலியும் போட்டால் டப்பாவில் பாதியைக் குறைக்க வேண்டும். நோயாளிக்குத் தனிச் சமையல் நாலு நாளுக்கு மேல் நடக்காது என்பது என் அனுபவம். முழு வீட்டுக்கும் உப்பைக் குறைப்பதே நடக்கும். புளி, தேசிக்காய், மிளகு, பூண்டு தாராளமாகப் போட்டால் நாக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

தேங்காய்ப்பாலில் முதற்பாலைத் தவிர்த்து நீர்த்த பாலாக்குங்கள். பொரித்ததைக் குறையுங்கள். பருப்பு, கடலை, தோட்டத்துக் கீரை, கரட், லீக்ஸ், போஞ்சி நம்மிடமே விளைகிறது. தேத்தண்ணி குடிக்கலாம், பிரச்சினை அதிலுள்ள சீனிதான்.

பீடி, சிகரெட்டோடு வெற்றிலைக்குள் வைக்கும் புகையிலையும் போக வேண்டும். பெண்கள் "நான் குடிக்கிறதில்லையே மிஸ்ஸி, வெத்தலதானே" என்பார்கள். நிக்கொட்டின் வாய் வழியாகப் போனாலும் இதயத்தை ஓடவைக்கும். விறகடுப்புப் புகைக்குப் பக்கத்தில் கட்டிலைப் போடாதீர்கள். குளிர் என்றால் இன்னொரு கம்பளி.

விசாரிக்க வருகிறவர்களும் வீட்டுக்காரரின் மனமும்

சொந்தக்காரர் வந்து பார்ப்பது நம் வழக்கம், தடுக்க முடியாது. ஆனால் ஐந்து நிமிடம், இரண்டு பேர், பிற்பகலில் என்று முதல் வாரத்தில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்த வில்லன் வேடத்தை நீங்கள்தான் போட வேண்டும். கொண்டுவரும் நாட்டு மருந்து, கஷாயம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, கிளினிக்கில் காட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

வீட்டை நடத்திய மனிதர் திடீரென்று அழுவார், சின்ன விஷயத்துக்குச் சீறுவார், தூங்கினால் எழும்ப மாட்டோமோ என்று விழித்திருப்பார். இது மாரடைப்புக்குப் பின் நிறையப் பேருக்கு வருவது. எதிர்த்துப் பேசாதீர்கள், சும்மா இருக்கவும் விடாதீர்கள்: கீரை ஆய, பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் ஒடுங்கிக் கிடந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது.

மறுபடி மலைக்கு

வேலைக்குப் போவது பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குப் பிறகு, டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. ஓட்டோ ஓட்டுகிறவரும் கேட்டுத்தான் ஓட்ட வேண்டும். இலேசான வேலை என்று துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய் வார்த்தையை வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஏற்றுக்கொள்ள மாட்டார். முதலில் அரைப் பேர், நாற்று மேடை வேலை, மட்டமான நிலம். செங்குத்து மலையில் கொழுந்துச் சாக்கைச் சுமப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

முதல் கிளினிக் நாளுக்கு முதல் இரவே பையைக் கட்டிவிடுங்கள்: டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, மீதமுள்ள மாத்திரைகள் டின்னோடு, குறித்து வைத்த நிறை. கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை சொல்லியிருந்தால் மட்டும் வெறும் வயிறு. இல்லாவிட்டால் காலை மாத்திரையைக் குடித்துவிட்டே பஸ் ஏறுங்கள், வரிசையில் பகல் ஆகிவிடும். ஜி.டி.என். போத்தல் சட்டைப் பையில் இருக்கிறதா என்று வாசலில் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.